ஏழு வருடம், ஒரு நோட்டு, ஒரு எக்செல் ஷீட்: தொடக்கப்பள்ளி ஆலோசகராக எனக்கு உதவியதும் உதவாததும்

முதல் வருடம், ஒரு புதன்கிழமை. இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "திங்கக்கிழமை கூப்பிடுறேன்னு சொன்னீங்க மிஸ்" என்றாள். குரலில் கோபமே இல்லை. அதற்கு முந்தைய வாரம்தான், அப்பா தனியாகப் போய்விட்டதைப் பற்றி முதல் முறையாக என்னிடம் வாய் திறந்திருந்தாள். மணி அடித்ததால், மீதியைத் திங்கட்கிழமை பேசலாம் என்று நிறுத்தியது நான்தான். அதை எழுதியும் வைத்திருந்தேன். அந்தச் சீட்டு மேசையில் வேறு இருபது சீட்டுகளுக்கு அடியில் கிடந்தது.

மீதியை அவள் சொல்வதற்கு இரண்டு மாதம் ஆனது.

ஒழுங்கு என்றால் சுத்தமான மேசை, வண்ண ஃபைல்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குப் பிறகு ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் எந்தக் கருவியையும் பார்க்கிறேன்: குழந்தையிடம் "திரும்ப வருகிறேன்" என்று சொன்னால், இது என்னைத் திரும்பக் கூட்டிப் போகுமா? ஏழு வருடங்களில் நான் பயன்படுத்தியவற்றை, விட்டுவிட்டவற்றையும் சேர்த்து, அந்தக் கேள்வியின்படியே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பள்ளியில் நானூற்றுச் சொச்சம் குழந்தைகள். ஆலோசகர் நான் ஒருத்திதான். 250 மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. பல இடங்களில் எண்ணிக்கை அதைவிட அதிகம்தான். அத்தனை பேரையும் நினைவில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது. முடியும் என்று நம்பித்தான் முதல் வருடத்தைக் கழித்தேன்.

முதலில் வாங்கியது ஒரு நோட்டு. கையடக்கமானது, தைத்துக் கட்டியது, தாள் உதிராதது. 2013-இல் அமெரிக்க வடிவமைப்பாளர் ரைடர் கேரல் அறிமுகப்படுத்திய புல்லட் ஜர்னல் என்ற குறிப்பெடுக்கும் முறையைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். முடிந்த வேலைக்குக் குறுக்குக் கோடு. முடியாததை மறுநாள் பக்கத்தில் கையாலேயே திரும்ப எழுத வேண்டும். இந்தத் திரும்ப எழுதுவதுதான் அதன் உயிர். ஒரே பெயரை மூன்று நாளாக எழுதிக்கொண்டிருந்தால், நான்காவது நாள் எழுந்து அந்த வகுப்புக்கு நடந்துவிடுவேன்.

ஆனால் இந்த நோட்டில்தான் என் பெரிய தவறும் நடந்தது. இரண்டாம் வருடம் ஒருநாள் அதை ஆசிரியர் அறை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அரை மணி நேரம் அங்கேயே கிடந்திருக்கிறது. யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் எனக்குக் கை நடுங்கியது. அதில் பிள்ளைகளின் முழுப்பெயர் இருந்தது, சிலருக்குப் பக்கத்தில் என்ன பேசினோம் என்பதும் இருந்தது. அன்றிலிருந்து நோட்டில் பெயர் எழுதுவதில்லை. முதலெழுத்தும் எழுதுவதில்லை, சின்னப் பள்ளியில் அதை யாரும் ஊகித்துவிடலாம். ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் எண். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் பூட்டிய அலமாரியில் இருக்கிறது. நோட்டில் எண், நேரம், இடம், இந்த மூன்றுதான். தொலைந்தாலும் அது எந்தக் குழந்தையையும் காட்டிக்கொடுக்காது.

நடுவில் எட்டு மாதம் கைப்பேசிச் செயலி ஒன்றைப் பயன்படுத்தினேன். வேலைகளை அட்டைகளாக எழுதி, "செய்ய வேண்டியவை" பத்தியிலிருந்து "முடிந்தவை" பத்திக்கு நகர்த்தும் வகை. பார்க்க அழகாக இருக்கும். நினைவூட்டலும் சரியாக வரும். சிக்கல் வேறு. ஒரு பையன் அழுதுகொண்டே பேசும்போது கைப்பேசி மெல்ல அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை, என் கண் மட்டும் ஒரு கணம் அங்கே போனது. அவன் பேச்சை நிறுத்தி, "வேலை இருக்கா மிஸ்?" என்றான். அன்று மாலையே அழித்துவிட்டேன். மேசையில் உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்கு அது நல்ல கருவியாக இருக்கலாம். ஒரு குழந்தையின் முகத்தைப் பார்ப்பதே வேலையாக இருக்கும்போது சரிப்படவில்லை.

இப்போது எக்செல் ஷீட்டுக்கு வருகிறேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

ஒரு குழந்தைக்கு ஒரு வரிசை. எண், வகுப்பு, யார் அனுப்பினார்கள், காரணம் (ஒரே சொல்), முதல் சந்திப்பு, கடைசிச் சந்திப்பு, பெற்றோரிடம் பேசிய தேதி. தொடக்கத்தில் இருபது பத்திகள் போட்டிருந்தேன். நிரப்ப முடியாமல் ஒரே மாதத்தில் விட்டுவிட்டேன். இந்த ஏழு பத்திகள் ஐந்து வருடமாக நிற்கின்றன. கோப்புக்குக் கடவுச்சொல் உண்டு, இதிலும் எண்தான், பெயர் இல்லை. எட்டாவது பத்தி தானாகக் கணக்குப் போடும்: இன்றைய தேதியிலிருந்து கடைசிச் சந்திப்பைக் கழிக்கும் ஒரு சின்ன ஃபார்முலா. 14 நாள் தாண்டினால் கட்டம் மஞ்சளாகும், 21 தாண்டினால் சிவப்பு. தினமும் காலையில் கணினியைத் திறந்ததும் முதலில் இதைப் பார்க்கிறேன். சிவப்பாக இருப்பவர்களின் எண் அன்றைய நோட்டுப் பக்கத்தில் முதல் வரிக்குப் போகும்.

இது நினைவூட்டல் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். மூன்றாம் வருடக் கடைசியில், யாரை எத்தனை முறை பார்த்தேன் என்று எண்ணி வரிசைப்படுத்திப் பார்த்தபோது வாயடைத்துப் போனேன். ஒன்பதே குழந்தைகள் என் சந்திப்புகளில் கிட்டத்தட்டப் பாதியை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எட்டுப் பேர் பையன்கள். அடித்தவன், நாற்காலியைத் தள்ளியவன், வகுப்பைவிட்டு ஓடியவன். அவர்களுக்கு நான் தேவைதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் "பேசுவதே இல்லை" என்ற காரணத்தோடு ஆசிரியர் அனுப்பிய நான்கு பேரில் மூன்று பேரை ஆண்டு முழுக்க ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன். சத்தம் போடுகிற பிள்ளையைப் பள்ளியே என்னிடம் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. சத்தமில்லாமல் வாடுகிற பிள்ளை தானாக வருவதில்லை, யாரும் கூட்டி வருவதும் இல்லை. நான் நல்ல ஆலோசகர் என்று நம்பிக்கொண்டிருந்த வருடம் அது. அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அப்புறம் இரண்டாவது ஷீட் ஒன்று தொடங்கினேன். பள்ளியின் மொத்த வகுப்புப் பட்டியல், பக்கத்தில் ஒரே ஒரு பத்தி: இந்த ஆண்டு தனியாக ஒரு முறையாவது பேசினேனா? பெரிய பேச்சு தேவையில்லை. இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம், என்ன வரைகிறாய், யாரோடு விளையாடுவாய், அவ்வளவுதான். வாரத்துக்குப் பன்னிரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால் ஓர் ஆண்டில் எல்லோரையும் தொட்டுவிடலாம். இப்படிச் சும்மா பேசப் போன இடத்தில்தான், எந்த ஆசிரியரும் அனுப்பாத ஒரு நான்காம் வகுப்புச் சிறுமி மூன்று வாரமாகச் சாப்பாட்டு நேரத்தைக் கழிப்பறையில் கழிக்கிறாள் என்று தெரியவந்தது. கூட உட்கார ஆள் இல்லை, அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

வாசலில் வைத்த பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பேச விரும்பும் குழந்தை சீட்டுப் போடலாம். எழுதத் தெரியாதவர்களுக்காகச் சீட்டிலேயே மூன்று முகங்கள்: இன்றைக்கே, இந்த வாரம், சும்மா ஒன்று சொல்லணும். பெயரை மட்டும் ஆசிரியர் உதவியோடு எழுதினால் போதும். இதை ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் மாலையில் மட்டும் திறந்தேன். காலை முதல் மணிக்கே "இன்றைக்கே" முகத்தில் வட்டம் போட்ட ஒரு சீட்டை மாலை நான்கு மணிக்கு எடுத்தபோது, அந்தக் குழந்தை வீட்டுக்குப் போயிருந்தாள். இப்போது காலை, இடைவேளை, மதியம் என மூன்று முறை திறக்கிறேன், நேரத்தைப் பெட்டிமீதே எழுதி வைத்திருக்கிறேன். யாராவது அடித்தால், தொட்டால், பயமாக இருந்தால் பெட்டிக்குக் காத்திருக்காமல் எந்தப் பெரியவரிடமும் உடனே சொல்லலாம் என்பதையும் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்கிறேன், வருடத்துக்கு மூன்று முறை.

ஆசிரியர்களுக்கு கூகுள் ஃபார்ம். முதலில் பதினான்கு கேள்விகள் வைத்தேன், யாரும் நிரப்பவில்லை. நிரப்பாதது அவர்கள் தவறில்லை. இப்போது நான்கு கேள்விகள், ஒரு நிமிடத்தில் முடியும். அப்படியும் பாதிப்பேர் தாழ்வாரத்தில்தான் பிடிப்பார்கள், "ஒரு நிமிஷம் மிஸ், அந்தப் பையன்…" என்று. நின்று, நோட்டைத் திறந்து, அவர்கள் கண்ணெதிரே எண்ணை எழுதிக்கொள்கிறேன். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நடந்தால் அடுத்த திருப்பத்தில் இன்னொருவர் நிற்பார்.

நேரம் காட்ட ஒரு டைமர் இருக்கிறது, சிவப்பு வட்டம் மெல்லக் குறைந்துகொண்டே வருமே, அந்த வகை. கடிகாரம் பார்க்கத் தெரியாத ஆறு வயதுக் குழந்தைக்கும் "இன்னும் இவ்வளவு நேரம் உனக்கு இருக்கிறது" என்று புரிகிறது. வகுப்புக்குத் திரும்ப மாட்டேன் என்ற அடம் பெரிதும் குறைந்தது. ஆனால் எல்லோருக்கும் ஒத்துவராது. ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும் குழந்தை அந்தச் சிவப்பையே வெறித்துப் பார்க்கும். ஒரு பையன் அது குறையக் குறைய வேகவேகமாகப் பேசினான், மூச்சு வாங்கியது. அவன் வரும்போது டைமரை அலமாரியில் வைத்துவிட்டு, முடிவதற்குக் கொஞ்சம் முன் "இன்னும் ரெண்டு விஷயம் பேசலாம்" என்று நானே சொல்கிறேன்.

சந்திப்பு முடிந்ததும் மூன்று வரி எழுதுகிறேன். குழந்தை சொன்னதில் ஒரு வாக்கியம் அவர்கள் சொற்களிலேயே, நான் கொடுத்த வாக்கு, அடுத்து எப்போது. மாலையில் மொத்தமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். வாக்கியங்கள் எல்லாம் என் சொற்களாக மாறிவிட்டிருந்தன. கற்ற சிறிது நேரத்திலேயே மறதி மிக வேகமாக நடக்கிறது என்று ஜெர்மன் உளவியலாளர் எப்பிங்ஹவுஸ் 1885-லேயே தன் சோதனையில் காட்டியிருக்கிறார். அதனால் இரண்டு சந்திப்புகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் காலியாக வைப்பது எனக்குக் கட்டாயம்.

அந்த மூன்று வரியோடு ஓர் எண்ணும் உண்டு. ஸ்டீவ் டி ஷேசரும் இன்சூ கிம் பெர்க்கும் வளர்த்தெடுத்த தீர்வுசார் குறுஞ்சிகிச்சை முறையில் (பிரச்சினையைவிடத் தீர்வைப் பற்றி அதிகம் பேசும் ஆலோசனை முறை) ஓர் அளவுக் கேள்வி வரும்: பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் இன்று நீ எங்கே இருக்கிறாய்? சின்னப் பிள்ளைகளுக்கு ஏணிப் படம் வரைந்து, படியில் ஒரு பொம்மையை வைக்கச் சொல்கிறேன். மூன்றாம் படியில் வைத்தால், "ரெண்டுல வைக்காம ஏன் மூணுல வச்சே?" என்று கேட்பேன். நல்லது எது என்று குழந்தையே தேடிச் சொல்லும் அந்தப் பதிலுக்காகவே இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கும். எட்டு வாரத்துப் படி எண்களை வரிசையாகப் பார்த்தால், பெற்றோரிடம் "முன்னேற்றம் இருக்கிறது" என்று பொதுவாகச் சொல்ல வேண்டியதில்லை. இதோ இந்த வாரம் இறங்கியிருக்கிறான், அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று சேர்ந்து யோசிக்கலாம்.

குழு அமர்வுகளுக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் இல்லை. ஐந்து பேர், ஆறு வாரம், ஒரு மூடி போட்ட பெட்டிக்குள் எல்லாப் பொருளும். போதும்.

கால அட்டவணையில் கற்றுக்கொண்டது, நாளை முழுக்க நிரப்பக் கூடாது என்பது. ஒரு நாளில் இரண்டு அரை மணி நேரங்களைக் காலியாக விடுகிறேன். அவை ஒருநாளும் காலியாகவே இருந்ததில்லை. பருவத்துக்கு இரண்டு வாரம், என் நேரம் எங்கே போகிறது என்று கால் மணி நேரக் கணக்கில் குறித்தும் வைக்கிறேன். முன்பு சொன்ன அதே அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம், ஆலோசகர் நேரத்தில் 80 சதவீதமாவது மாணவர்களுக்கான பணிக்குப் போக வேண்டும் என்கிறது. நான்காம் வருடம் கணக்கெடுத்தபோது, ஒரே வாரத்தில் பதினோரு மணி நேரம் தேர்வுக் கண்காணிப்பிலும், வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்பில் உட்காருவதிலும் போயிருந்தது. அதற்கு முன் எத்தனையோ முறை வாயால் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு தாளை, அதே வாரத்தில் தள்ளிப்போன ஏழு சந்திப்புகளின் பட்டியலோடு தலைமை ஆசிரியர் முன் வைத்தபோதுதான் மாறியது. அடுத்த மாதம் பதினொன்று நான்கானது.

இன்னும் சரியாக அமையாத ஒன்று, ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகிறவர்கள். அடுத்த பள்ளியின் ஆலோசகருக்கு எதைச் சொல்ல வேண்டும், எது அந்தக் குழந்தையோடு மட்டும் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு இன்னும் தெளிவான முறை இல்லை. இந்த ஆண்டு குழந்தையையே பக்கத்தில் உட்காரவைத்து, "உன்னைப் பத்தி அவங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கணும்?" என்று கேட்டு, பெற்றோரின் சம்மதமும் வாங்கி அரைப் பக்கம் எழுதிப் பார்க்கிறேன். நான் முதலில் கேட்ட சிறுமி, "நான் அழுதா கிட்ட வர வேணாம், கொஞ்ச நேரம் கழிச்சு வரச் சொல்லுங்க" என்றாள். நான்கு வருடமாக அவளைத் தெரியும். இது எனக்குத் தெரியாது.

ஒரு முறை பேசினேனா என்ற அந்தப் பத்தியில் இன்றைக்கு 37 கட்டங்கள் காலியாக இருக்கின்றன. பருவம் முடிய ஐந்து வாரம் இருக்கிறது. நாளை முதல் இடைவேளையில் மூன்றாம் வகுப்பில் இரண்டு பேர், நோட்டில் முதல் வரியில் அவர்கள் எண்களை எழுதியிருக்கிறேன்.