நலிந்த மந்தைக்குப் புது ஆடுகளா, நோய் நீக்கமா?

வட அமெரிக்க மலைகளில் வாழும் பிக்ஹார்ன் காட்டுச் செம்மறி மந்தை ஒன்று சுருங்கிக்கொண்டே போனால், வேறு மலையிலிருந்து சில ஆடுகளைப் பிடித்துவந்து சேர்க்கலாம். இல்லையென்றால், இருக்கும் மந்தையில் நோய் பரப்பும் ஆடுகளைக் கண்டுபிடித்து நீக்கலாம்.

முதல் வழிக்கு நல்ல சாட்சி அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் நேஷனல் பைசன் ரேஞ்ச் என்று அப்போது அழைக்கப்பட்ட காட்டெருமைக் காப்பகம். 1922-இல் வெறும் 12 ஆடுகளோடு தொடங்கிய மந்தை அங்கே இருந்தது. வெளித்தொடர்பு இல்லாததால் நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இனச்சேர்க்கை மிகுந்தது. 1985 முதல் வெளி ஆடுகளைச் சேர்த்தார்கள். அவற்றின் வழிவந்த குட்டிகள் நன்றாகப் பிழைத்தன, பெருகவும் செய்தன.

ஆனால் மந்தை நலியக் காரணம் நிமோனியா என்றால் கதையே வேறு. வீட்டுச் செம்மறிகளிடமிருந்தும் வெள்ளாடுகளிடமிருந்தும் தொற்றும் மைக்கோப்ளாஸ்மா ஓவிநிமோனியே என்ற பாக்டீரியா, சில பெட்டை ஆடுகளிடம் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். அவை நலமாகவே தெரியும். குட்டிகள்தான் சில வாரங்களிலேயே சாகும். அங்கே புது ஆடுகளை விட்டால் அவற்றையும் நோய்க்குத் தின்னக் கொடுப்பதுதான். தெற்கு டகோட்டாவின் கஸ்டர் மாநிலப் பூங்காவில் மூக்குச் சளியைச் சோதித்து, விடாமல் கிருமி பரப்பிய பெட்டைகளை நீக்கினார்கள். அதன்பின் அங்கே குட்டிகள் பிழைத்தன.

சில ஆடுகளைக் கொல்ல வேண்டியிருப்பது மனதுக்குக் கஷ்டம்தான். இருந்தாலும் நோயுள்ள மந்தையில் சோதனைதான் முதலில் வர வேண்டும் என்பேன். மந்தை சுத்தமான பிறகு, மரபணு வளம் குறைந்திருந்தால், சரி, புது ஆடுகளைக் கொண்டுவரலாம், அவற்றையும் சோதித்துவிட்டு.