டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060: தங்கச்சிமடம் நெட் சென்டரில் அதன் ஸ்டார்ட்அப் பாஸ்வேர்டு

தங்கச்சிமடத்தில் நெட் சென்டர் நடத்துகிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், ரயில் டிக்கெட், பிள்ளைகளின் கல்லூரி அட்மிஷன், மீன்பிடித் தடைக்காலம் வந்தால் நிவாரண வேலை என்று எல்லாம் ஒரே மேஜையில்தான் நடக்கும். அந்த மேஜைக்கு செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெல் ஆப்டிபிளெக்ஸ் 3060 டவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். வேகம், ரேம், கேம் ஓடுமா ஓடாதா என்பதையெல்லாம் பேச நிறைய பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது அதன் ஸ்டார்ட்அப் பாஸ்வேர்டைப் பற்றி. நாலு பேர் வந்து போகும் இடத்தில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் வாங்கிய அன்றே கவனிக்க வேண்டிய விஷயம் இது.

எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் ஊரே இருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், படகு ஆவணம், எல்லாம் ஸ்கேன் ஆகி உள்ளே போகிறது. வேலை முடிந்ததும் அழித்துவிடுவேன். ஆனால் சர்வர் படுத்துக்கொண்டால் பாதி விண்ணப்பத்தோடு மறுநாளைக்கு வைத்திருக்க வேண்டியிருக்கும். கடலுக்குப் போகிற அண்ணன் ஒருவர் ஒருமுறை நேராகவே கேட்டார்: "ஏம்மா தங்கச்சி, என் ஆதாரு இந்தப் பொட்டிக்குள்ளயே கெடக்குமா? ராத்திரி யாராவது வந்து எடுத்துட்டா?" நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு நான் வைத்திருக்கும் பதிலில் முதல் பாதிதான் இந்தப் பாஸ்வேர்டு.

விண்டோஸ் பாஸ்வேர்டு இருக்கிறதே, போதாதா என்று கேட்பார்கள். போதாது. விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸை ஏற்றிய பென்டிரைவைச் செருகி அதிலிருந்து கம்ப்யூட்டரைக் கிளப்பினால், பூட்டாத டிஸ்க்கில் உள்ள கோப்புகளை விண்டோஸ் பாஸ்வேர்டு இல்லாமலே பார்த்துவிடலாம். அப்படிச் செய்யத் தெரிந்த பையன்கள் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஸ்டார்ட்அப் பாஸ்வேர்டு அதற்கும் முன்னாலேயே நிற்கிறது. பவர் பட்டனை அழுத்தியதும் டெல் லோகோ, அடுத்து பாஸ்வேர்டுப் பெட்டி. அதைத் தாண்டாமல் விண்டோஸும் வராது, பென்டிரைவும் ஓடாது.

போடுவது சுலபம். லோகோ வரும்போதே எஃப்2 கீயைத் தட்டிக்கொண்டிருந்தால் பயாஸ், அதாவது விண்டோஸுக்கும் முன்னால் வருகிற அடிப்படை அமைப்புத் திரை, திறக்கும். இடதுபக்கப் பட்டியலில் செக்யூரிட்டி. அதற்குள் அட்மின் பாஸ்வேர்டு, சிஸ்டம் பாஸ்வேர்டு என்று தனித்தனியாக இருக்கும். கம்ப்யூட்டர் கிளம்பும்போது கேட்பது சிஸ்டம் பாஸ்வேர்டு. பயாஸ் அமைப்புகளை மாற்றவிடாமல் காப்பது அட்மின் பாஸ்வேர்டு. அட்மினை முதலில் போட்டுவிட்டுத்தான் சிஸ்டத்துக்கு வர வேண்டும். கடையில் வேலைக்கு இருக்கும் பெண்ணுக்கு சிஸ்டம் பாஸ்வேர்டு மட்டும் தெரியும், காலையில் அவளே கடையைத் திறந்து வேலையைத் தொடங்கிவிடுவாள். அட்மின் என்னிடம் மட்டும். பாஸ்வேர்டு சேஞ்ச் என்கிற இடத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால், அட்மின் தெரியாதவர் சிஸ்டம் பாஸ்வேர்டை மாற்றவும் முடியாது. இரண்டு பேர், மூன்று பேர் வேலை பார்க்கும் கடைக்கு இந்த ஏற்பாடு அருமை.

பாஸ்வேர்டு குறைந்தது 4 எழுத்து, அதிகபட்சம் 32. எங்கள் பக்கத்தில் பாஸ்வேர்டு என்றாலே படகு நம்பரைப் போடுகிற பழக்கம் இருக்கிறது. ஐஎன்டி டிஎன் 10 என்று தொடங்கி, கரையில் நிற்கிற யார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி பெயிண்டில் எழுதி வைத்திருக்கும் நம்பர் அது. 623 என்று ஆரம்பிக்கும் பின்கோடும் அப்படித்தான். வேண்டவே வேண்டாம். வீட்டில் மட்டும் புழங்குகிற நாலு வார்த்தையை ஆங்கில எழுத்தில் சேர்த்துப் போடுங்கள், நீளமாகவும் இருக்கும், மறக்கவும் மறக்காது.

கீபோர்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடற்கரைக் கடைகளில் சிக்கல் வருவதே அங்கேதான். தமிழ் அடிக்கிற தமிழ்99 கீபோர்டு முறை விண்டோஸ் வந்த பிறகுதான் வேலை செய்யும். பாஸ்வேர்டுப் பெட்டியில் ஆங்கில எழுத்து மட்டும்தான். அதிலும் அடிக்கிற எழுத்து திரையில் தெரியாது, புள்ளிதான் விழும். உப்புக் காற்றிலும் மணலிலும் கீபோர்டின் ஏதாவது ஒரு கீ சரியாக அமுங்காமல் போவது இங்கே சகஜம். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மேஜையைத் துடைத்த கையோடு மறுபடி மணல் படியும். அப்போது பாஸ்வேர்டு சரியாகத்தான் அடித்திருப்போம், ஒரு எழுத்து விழாததால் தப்பு என்று சொல்லும். அதனால் புள்ளிகளை எண்ணிப் பார்த்து என்டர் தட்டும்படி அந்தப் பெண்ணுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வயர் உள்ள யூஎஸ்பி கீபோர்டு ஒன்று எப்போதும் உபரியாக இருக்கட்டும். புளூடூத் கீபோர்டு மட்டும் வைத்திருந்தால் இந்தப் பெட்டியில் ஒரு எழுத்துகூட அடிக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வலதுபக்க எண்களில் அடிக்கிறவர்கள் நம்லாக் விளக்கு எரிகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பாஸ்வேர்டு பைபாஸ் என்கிற வசதி. அதில் ரீபூட் பைபாஸைத் தேர்ந்தெடுத்தால், கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்யும்போது மட்டும் பாஸ்வேர்டு கேட்கும், ரீஸ்டார்ட் ஆகும்போது கேட்காது. விண்டோஸ் அப்டேட் ஓடும் நாளில் இதன் அருமை தெரியும். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் எழுந்துபோய்ப் பாஸ்வேர்டு அடிக்காமல் ஜெராக்ஸ் வேலையைப் பார்க்கலாம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. விண்டோஸ் திரையில் பவர் குறியை அழுத்தி ரீஸ்டார்ட் கொடுக்கிறவர் பென்டிரைவோடு வந்தாரென்றால் அவருக்கும் வழி திறக்கும். அதனால் நான் அப்டேட் நாளில் மட்டும் ரீபூட் பைபாஸ் வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் எடுத்துவிடுகிறேன்.

கரண்ட் விஷயத்துக்கு வருவோம். பயாஸில் பவர் மேனேஜ்மென்டில் ஏசி ரெகவரி என்று ஒன்று இருக்கிறது. கரண்ட் போய் வந்த பிறகு கம்ப்யூட்டர் அணைந்தே இருக்க வேண்டுமா, தானாகக் கிளம்ப வேண்டுமா, முன்பிருந்த நிலைக்கே போக வேண்டுமா என்பதை அதில் சொல்லலாம். அணைந்தே இருக்கும்படி விட்டுவிடுங்கள். தானாகக் கிளம்பினாலும் பாஸ்வேர்டுப் பெட்டியில் போய்த்தான் நிற்கும், ராத்திரி முழுக்க மானிட்டர் சும்மா எரிந்துகொண்டிருக்கும்.

சாப்பாட்டு நேரத்துக்கு இந்த ஸ்டார்ட்அப் பாஸ்வேர்டு உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்லீப்பில் போய்த் திரும்புகிற கம்ப்யூட்டர் சிஸ்டம் பாஸ்வேர்டைக் கேட்காது. எழுந்து போகும்போது விண்டோஸ் கீயும் எல்லும் சேர்த்து அழுத்திப் பூட்டிவிட்டுப் போவதுதான் வழி.

இனி பதிலின் இரண்டாவது பாதி. ஸ்டார்ட்அப் பாஸ்வேர்டு டிஸ்க்கில் இருப்பதை மறைத்து வைப்பதில்லை. டப்பாவைத் திறந்து எஸ்எஸ்டி என்கிற அந்த டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் எல்லாம் தெரியும். உள்ளே மதர்போர்டில் பாஸ்வேர்டை அழிக்கிற ஜம்பர் என்கிற சின்னச் செருகியும் இருக்கிறது, டெல் தன் கையேட்டிலேயே அதைச் சொல்கிறது. மற்றக் கம்பெனிகள் பலவற்றிலும் இப்படி ஏதாவது ஒரு வழி இருக்கும். சாதாரண அசெம்பிள் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் சிஆர்2032 பட்டன் பேட்டரியைக் கழற்றினாலே பாஸ்வேர்டு போய்விடும். ஆக, டப்பாவைத் திறக்கவிடாமல் செய்ய வேண்டும். இந்த டவரின் பின்பக்கம் பூட்டு மாட்ட ஒரு வளையம் இருக்கிறது. பூட்டைப் போட்டுவிட்டால் பக்கத் தகடு கழலாது. நான் முதலில் இரும்புப் பூட்டைப் பார்த்தேன், வேண்டாம் என்று சின்னப் பித்தளைப் பூட்டாக வாங்கிப் போட்டேன். பாம்பன் தீவில் இரும்புப் பூட்டு என்ன கதி ஆகும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பித்தளை மேலே கொஞ்சம் பச்சை பூத்தாலும் சாவி சுற்றுகிறது. மாதத்துக்கு ஒருமுறை ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுகிறேன்.

அதற்கும் மேலே, விண்டோஸிலேயே உள்ள பிட்லாக்கர். விண்டோஸ் புரோ இருந்தால் டிஸ்க்கையே பூட்டி வைக்கும், கழற்றிக்கொண்டு போனாலும் படிக்க முடியாது. 48 இலக்கத்தில் ஒரு ரெகவரி கீ கொடுக்கும், அதை அச்செடுத்துக் கடையில் வைக்காமல் வீட்டு பீரோவில் வையுங்கள். பயாஸில் எதையாவது மாற்றுவதற்கு முன் பிட்லாக்கரை சஸ்பெண்ட், அதாவது தற்காலிகமாக நிறுத்தி, வைத்துக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் அந்த 48 இலக்கத்தையும் கேட்டு நிற்கக்கூடும். இப்போது அந்த அண்ணன் கேட்டால், "அண்ணே, பொட்டியத் தூக்கிட்டுப் போனாலும் உங்க ஆதாரப் பாக்க முடியாது" என்று என்னால் தைரியமாகச் சொல்ல முடிகிறது.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 3060இல் 8ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர் என்பதால் விண்டோஸ் 11 முறையாகவே ஏறுகிறது. இதற்கு முந்தைய மாடலான 3050 கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதில் இருப்பது 6, 7ஆம் தலைமுறை. விண்டோஸ் 11க்கான மைக்ரோசாஃப்டின் பட்டியலில் அவை வராது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. இந்த மாடல்கள் பெரும்பாலும் பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்டவை. அவர்கள் போட்ட அட்மின் பாஸ்வேர்டு அப்படியே இருக்கும். நான் முதலில் பார்த்த ஒரு பெட்டி அப்படித்தான் இருந்தது, கடை பெயர் வேண்டாம். "அது ஒண்ணும் பிரச்சினை இல்ல மேடம், விண்டோஸ் நல்லா ஓடுது பாருங்க" என்றார் விற்றவர். பிரச்சினைதான், அந்தப் பாஸ்வேர்டை நீக்காமல் நம் அட்மின் பாஸ்வேர்டைப் போட முடியாது. ஆகவே பணம் கொடுக்கும் முன் கடையிலேயே கம்ப்யூட்டரை ஆன் செய்யச் சொல்லி, எஃப்2 தட்டி உள்ளே போய், தேதியையோ நம்லாக்கையோ ஒன்றை மாற்றி அப்ளை கொடுத்துப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டாலோ, மாற்றவே விடாவிட்டாலோ, அதை நீக்கிக் கொடுத்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். நீக்கிக் கொடுத்தால் உங்கள் பெயருக்கு பில்லும் கேட்டு வாங்குங்கள். பின்னால் பாஸ்வேர்டு மறந்து டெல்லிடம் போனால், பெட்டிமேல் ஒட்டியிருக்கும் சர்வீஸ் டேக் என்கிற அடையாள நம்பரோடு, பெட்டி உங்களுடையதுதான் என்பதற்கு ஆதாரமும் கேட்பார்கள்.