கான்ட்ராக்ட் உங்களுடையது, ஓனர் யார்?

பிளாக்செயின் செயலிக்கு பேக்எண்ட் (சர்வர் பக்க) வேலையை வெளியாட்களிடம் கொடுக்கப் போகிறவர்கள் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இந்தப் பெயர் போனால் நாளை வேறு பெயரில் வருவார்கள், வேலை செய்யும் விதம் மட்டும் இப்படியேதான் இருக்கும்.

நாங்கள் மூன்று பேர். ஃப்ரீலான்சர்களுக்கான ஒரு எஸ்க்ரோ செயலியை ஆரம்பித்தோம். வேலை கொடுப்பவர் யுஎஸ்டிசியை (டாலர் மதிப்பிலான டிஜிட்டல் டோக்கன்) முன்கூட்டியே ஸ்மார்ட் கான்ட்ராக்ட்டில் (பிளாக்செயினில் ஓடும் புரோகிராம்) போட்டு வைப்பார், வேலை முடிந்ததும் அது செய்தவருடைய வாலட்டுக்குப் போகும். ஈத்தரியம் மெயின்நெட், அதாவது நிஜப் பணம் புழங்கும் நெட்வொர்க். வெப்சைட்டை நாங்களே செய்துகொண்டோம். கான்ட்ராக்ட்டும் பேக்எண்டும் அந்த நிறுவனத்தின் பொறுப்பு. எங்களிடம் பேசியவர் எதைக் கேட்டாலும் "ஆயிடும் சார்" என்பார். அதில்தான் விழுந்தோம்.

செபோலியா என்ற சோதனை நெட்வொர்க்கில் எல்லாம் ஜோராக ஓடியது. மெயின்நெட்டுக்குப் போன முதல் நாள், 250 யுஎஸ்டிசி போட்டவருக்குத் திரையில் 0.00000000025 என்று காட்டியது. யுஎஸ்டிசிக்கு டெசிமல் (தசம இடங்கள்) 6. இவர்கள் டெஸ்டுக்காகத் தாங்களே உருவாக்கிய டோக்கனின் 18-ஐ கோடில் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனை டெசிமல் என்று டோக்கன் கான்ட்ராக்ட்டையே கேட்டால் அது சொல்லிவிடும், அதைக்கூடச் செய்யவில்லை. அரை மணி நேரத்தில் திருத்தினார்கள், நாங்களும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டோம். அன்றே விழித்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் "பணம் போட்டேன், காணோம்" என்று மெயில்கள் வர ஆரம்பித்தன. ஒருவர் டிரான்ஸாக்‌ஷன் ஹாஷையே (அதன் அடையாள எண்ணை) அனுப்பினார். பிளாக்செயின் பதிவுகளைக் காட்டும் ஈத்தர்ஸ்கேன் தளத்தில் பச்சையாக 'சக்ஸஸ்' என்று இருக்கிறது, எங்கள் டேட்டாபேஸில் அந்த டெபாசிட்டே இல்லை. நிறுவனத்திடம் கேட்டால், "நெட்வொர்க் கன்ஜெஷன் சார், தானா வந்துடும்." பிளாக்கில் ஏறி முடிந்துவிட்ட டிரான்ஸாக்‌ஷனுக்கு என்ன நெரிசல்? அன்று எனக்கு அது உறைக்கவில்லை. அந்த வாடிக்கையாளருக்கும் அதே பதிலை அனுப்பி வைத்தேன். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நடந்தது இதுதான். டெபாசிட் ஈவென்ட்களை (பணம் வந்ததும் கான்ட்ராக்ட் வெளியிடும் அறிவிப்புகளை) பேக்எண்ட் வெப்சாக்கெட் என்ற தொடர் இணைப்பு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. இணைப்பு அறுந்தால் மறுபடி சேர்ந்துகொள்ளும். ஆனால் அறுந்து கிடந்த நேரத்தில் வந்த ஈவென்ட்களை நோடு (பிளாக்செயின் நெட்வொர்க்கில் உள்ள கணினி) தானாகத் திரும்ப அனுப்பாது. கடைசியாகப் படித்த பிளாக் எண்ணைக் குறித்து வைத்து, அங்கிருந்து விட்டுப்போன லாக்குகளை (ஈவென்ட் பதிவுகளை) நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். பிளாக்செயினைப் படித்து டேட்டாபேஸில் பதியும் இன்டெக்சர் எழுதுகிறவர்களுக்கு இது அரிச்சுவடி.

நான் விடாமல் கேட்டதால் ஒரு 'ஃபிக்ஸ்' போட்டார்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பழைய பிளாக்குகளை மறுபடி படிக்கும் ஒரு கிரான் ஜாப். விட்டுப்போனவை வந்துவிட்டன, சரி. ஏற்கெனவே பதிவானவையும் இன்னொரு தடவை வந்துவிட்டன. டிரான்ஸாக்‌ஷன் ஹாஷ், லாக் இன்டெக்ஸ் (அந்த ஈவென்ட்டின் வரிசை எண்) இரண்டையும் சேர்த்து டேபிளில் ஒரு யுனிக் கீ வைத்திருந்தால் இரண்டாவது பதிவை டேட்டாபேஸே தடுத்திருக்கும். ஒரு வரி வேலை. அது இல்லாததால் இரண்டு ஃப்ரீலான்சர்களுக்கு ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போனது.

கான்ட்ராக்ட் இதைத் தடுத்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். எந்த வேலைக்கு எவ்வளவு பணம் என்ற கணக்கே கான்ட்ராக்ட்டில் இல்லை. எல்லார் பணமும் ஒரே பானையில். சர்வரில் இருக்கும் ஆபரேட்டர் வாலட் யாருக்கு எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவையும் எடுத்துக் கொடுத்துவிடும். இரண்டாவது தடவை போனது வேறு யாரோ போட்ட டெபாசிட். டிசென்ட்ரலைஸ்டு என்று ஊரெல்லாம் சொல்லி நாங்கள் விற்றது ஒரு சர்வரையும் ஒரு சாவியையும்தான்.

இன்னொன்று, பிளாக் வந்த மறுகணமே டெபாசிட்டைக் கணக்கில் ஏற்றியிருந்தார்கள். ஈத்தரியத்தில் 12 நொடிக்கு ஒரு பிளாக் வரும், ஆனால் அது ஃபைனலைஸ் ஆக, அதாவது இனி மாறாது என்று உறுதியாக, ஏறக்குறைய 13 நிமிடம் பிடிக்கும். 2022 மே 25 அன்று ஈத்தரியத்தின் பீக்கன் செயினில் 7 பிளாக் ஆழத்துக்கு ரீஆர்க் (ஏறிய பிளாக்குகள் விலக்கப்பட்டு வேறு பிளாக்குகள் வருவது) நடந்திருக்கிறது. எங்களுக்கு அப்படி எதுவும் நேராதது அதிர்ஷ்டம்.

இந்தக் கட்டத்தில் தெரிந்த டெவலப்பர் ஒருவரைக் கூப்பிட்டு ரிப்போவை (கோடு முழுவதும் இருக்கும் சேமிப்பிடம்) காட்டினேன். கோடைத் திறக்கவே இல்லை, நேராக கமிட் ஹிஸ்டரிக்கு (கோடில் செய்த மாற்றங்களின் பதிவு) போனார். முதல் கமிட்டிலேயே ரகசியங்களை வைக்கும் என்வ் ஃபைல், அதில் ஆபரேட்டர் வாலட்டின் பிரைவேட் கீ, 64 எழுத்தும் முழுசாக. அடுத்த கமிட்டில் அந்த ஃபைலை அழித்திருந்தார்கள். அழித்து என்ன பயன், பழைய கமிட் அப்படியே இருக்கிறதே! அந்த நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரிடம் அந்தச் சாவி இருக்கிறதோ. 2022 மார்ச்சில் ரோனின் பிரிட்ஜிலிருந்து (பிளாக்செயின்களுக்கு இடையே பணம் மாற்றும் சேவை) 173,600 ஈத்தரை அடித்துக்கொண்டு போக ஒப்புதல் தரும் 9 வேலிடேட்டர் சாவிகளில் 5 தேவைப்பட்டன. எங்களிடம் ஒன்று போதும்.

சாவியை உடனே மாற்றிவிடலாம் என்று உட்கார்ந்தோம். கான்ட்ராக்ட்டில் ஆபரேட்டரை மாற்ற ஓனர் வாலட் வேண்டும். ஈத்தர்ஸ்கேனில் 'ரீட் ஆஸ் பிராக்ஸி'யைத் திறந்து ஓனர் என்ற வரியைப் பார்த்தேன். எங்கள் மூன்று பேர் வாலட்டும் இல்லை. அவர்கள் வாலட்டிலிருந்து கான்ட்ராக்ட்டை டெப்ளாய் செய்தார்கள் (பிளாக்செயினில் ஏற்றினார்கள்), அதே முகவரியை ஓனராக அப்படியே வைத்துக்கொண்டார்கள். கான்ட்ராக்ட்டை அப்கிரேடு செய்யும் உரிமையும் அதனிடமே. நினைத்தால் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் கோடையே மாற்றிப் பானையைக் காலி செய்திருக்கலாம். இத்தனை நாளில் எந்த நாளும் அரை நிமிடத்தில் இதை நான் பார்த்திருக்க முடியும்.

ஃபோன் செய்தேன். அதே பொறுமையான குரல். "ஓனர்ஷிப் டிரான்ஸ்ஃபர் அக்ரிமென்ட்ல இல்லையே சார், அது தனி வேலை." எடுத்துப் பார்த்தால் நிஜமாகவே இல்லை. கடைசித் தவணையில் பாதியளவு தொகையைக் கூடுதலாகக் கேட்டார்கள். உள்ளே இருப்பது மற்றவர்களின் பணம் என்பதால் வாக்குவாதம் செய்யாமல் கொடுத்துவிட்டோம்.

வேலை கொடுத்திருப்பவர்கள் கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றைப் பாருங்கள். ஓனரும் அப்கிரேடு உரிமையும் உங்கள் மல்டிசிக்குக்கு (ஒருவருக்கு மேல் கையெழுத்து வேண்டிய வாலட்) வந்துவிட்டதா என்று ஈத்தர்ஸ்கேன் போன்ற எக்ஸ்ப்ளோரரில் நீங்களே பாருங்கள், அவர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். பேக்எண்டை ஒரு மணி நேரம் நிறுத்தி, அந்த நேரத்தில் டெபாசிட் போட்டு, மறுபடி ஓடவிட்டால் அது சரியாக ஒரே ஒரு தடவை பதிவாகிறதா என்று பாருங்கள். ரிப்போவின் கமிட் ஹிஸ்டரியை வேறொருவரிடம் காட்டுங்கள். ஆடிட் (பாதுகாப்புத் தணிக்கை) ஆகிவிட்டது என்பார்கள், எங்களிடமும் சொன்னார்கள். அந்த ரிப்போர்ட்டில் கான்ட்ராக்ட் மட்டும்தான் இருந்தது, பேக்எண்ட் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இப்போது புது கான்ட்ராக்ட், மூன்றில் இரண்டு கையெழுத்து வேண்டும் என்ற மல்டிசிக். இரண்டு முறை பணம் வாங்கியவர்களில் ஒருவர் நாங்கள் கேட்பதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொருவரின் வாலட்டைத் தினமும் எட்டிப் பார்க்கிறேன். பணம் அங்கேயேதான் இருக்கிறது, மெயிலுக்குத்தான் பதில் இல்லை.