ஒரே பெட்டிக் கணக்கு, மூன்று வகுப்பறைகள்: பலமாறி நுண்கணிதத்தை எங்கே படிப்பது?

மேலே மூடியில்லாத ஒரு செவ்வகப் பெட்டியின் கன அளவு 32 கன அலகுகள். அதைச் செய்ய ஆகும் தகட்டின் பரப்பு மிகக் குறைவாக இருக்க வேண்டுமானால் நீளம், அகலம், உயரம் எவ்வளவு? அண்ணா பல்கலைக்கழகத்தின் பழைய கணித வினாத்தாள்களைப் புரட்டியவர்களுக்கு இந்தக் கணக்கு நன்கு பழகியது. விடை 4, 4, 2; பரப்பு 48. ஒன்றுக்கு மேற்பட்ட மாறிகளைக் கொண்ட சார்புகளைக் கையாளும் பலமாறி நுண்கணிதத்தை முதலாண்டு மாணவர் ஒருவர் படிப்பதற்குக் கல்லூரி வகுப்பு, ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடம், அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் ஓப்பன் கோர்ஸ்வேர் என்ற தன் தளத்தில் இலவசமாகத் திறந்துவைத்துள்ள 18.02 என்ற பாடம் ஆகிய மூன்றும் இன்று கைக்கெட்டும் தொலைவில் உள்ளன. இவற்றை ஒப்பிட இந்தப் பெட்டியே நல்ல அளவுகோல் என்பது என் எண்ணம்.

கல்லூரியிலிருந்து தொடங்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப்படி முதல் பருவத்தில் வரும் 'மேட்ரிக்சஸ் அண்ட் கால்குலஸ்' தாளின் ஐந்து யூனிட்டுகளில் மூன்றாவதும் ஐந்தாவதும் மட்டுமே பலமாறி நுண்கணிதத்துக்கு உரியவை. மூன்றாவது யூனிட்டில் பகுதி வகைக்கெழு (மற்ற மாறிகளை நிலையாக வைத்து ஒரு மாறிக்கு மட்டும் காணும் வகைக்கெழு), ஆய்லர் தேற்றம், ஜாக்கோபியன், டெய்லர் தொடர், பெருமம், சிறுமம், ஒரு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு அவற்றைக் காணும் லாக்ராஞ்சு முறை ஆகியவை வருகின்றன. ஐந்தாவதில் இரட்டை, மும்மைத் தொகையீடுகள். தமிழ்நாட்டுப் பாடநூல் படித்து வந்தவருக்கு மூன்றாவது யூனிட்டின் முன்பாதி புதிதல்ல, ஏனெனில் பிளஸ் டூ கணிதத்தில் பகுதி வகைக்கெழுவும் ஆய்லர் தேற்றமும் ஏற்கெனவே வந்துவிடுகின்றன. வெக்டர் புலங்கள், கிரீன் தேற்றம், ஸ்டோக்ஸ் தேற்றம் ஆகியவை இந்தத் தாளில் இல்லை.

இந்த வகுப்பில் பெட்டிக் கணக்கு லாக்ராஞ்சு முறையில் படிப்படியாக எழுத வேண்டிய ஒரு பெரிய கேள்வி. தகட்டின் பரப்போடு, கன அளவு 32 என்ற கட்டுப்பாட்டை லாம்டா என்ற புதிய மாறியால் பெருக்கிச் சேர்த்துத் துணைச் சார்பை எழுத வேண்டும். மூன்று மாறிகளுக்கும் பகுதி வகைக்கெழு கண்டு பூச்சியத்துக்குச் சமப்படுத்த வேண்டும். ஒவ்வொரு சமன்பாட்டையும் உரிய மாறியால் பெருக்கி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால், நீளமும் அகலமும் சமம் என்பதும் உயரம் அதில் பாதி என்பதும் வந்துவிடும். படிக்குப் படி மார்க் உண்டு. லாம்டா எங்கிருந்து வந்தது என்று வினாத்தாள் கேட்பதில்லை. கிடைத்த 48 சிறுமம்தானா என்பதையும் யாரும் சரிபார்ப்பதில்லை. கேள்வியில் 'மிகக் குறைந்த' என்று இருப்பதால் விடையிலும் அப்படியே எழுதிவிடுகிறோம்.

இருந்தாலும் கல்லூரி வகுப்பைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில், தொகையிடும் வரிசையை மாற்றச் சொன்ன கணக்கில், நான் பகுதியைச் சரியாக வரைந்து, அதில் நிமிர்ந்த பட்டையையும் போட்டுவிட்டு, எல்லைகளை மட்டும் கிடைப்பட்டைக்கு உரியதாக எழுதியிருந்தேன். ஆசிரியை அந்தப் பட்டையைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, அதன் மேல்முனைக்கும் கீழ்முனைக்கும் இரண்டு அம்புக்குறிகள் போட்டுக் கொடுத்தார், வேறொன்றும் எழுதவில்லை. அன்றிலிருந்து அந்தத் தவறு வரவில்லை. கையால் எழுதிய படிகளை இன்னொருவர் கண்ணால் பார்த்துத் திருத்தும் வாய்ப்பு இந்த மூன்று வழிகளில் கல்லூரியில் மட்டுமே இருக்கிறது. ஒரு வகுப்பில் அறுபது பேர் என்றால் அது எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்பது வேறு விஷயம்.

18.02 பாடத்துக்கு வருவோம். 2007ஆம் ஆண்டு இலையுதிர் பருவத்தில் பேராசிரியர் டெனி ஓரூ நடத்திய 35 விரிவுரைகள் காணொளிகளாக உள்ளன; வீட்டுக்கணக்குகளும் தேர்வுத் தாள்களும் விடைகளோடு கிடைக்கின்றன. லாக்ராஞ்சு முறை 13ஆம் விரிவுரையில் வருகிறது. அங்கே பெட்டிக்குப் பதிலாக, இரு ஆயத்தொலைவுகளின் பெருக்கற்பலன் 3 ஆக இருக்கும் அதிபரவளையத்தின்மீது ஆதிப்புள்ளிக்கு மிக அருகில் உள்ள புள்ளி எது என்ற கேள்வி. ஆதிப்புள்ளியை மையமாகக் கொண்ட ஒரு சிறு வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால், அது அதிபரவளையத்தை முதன்முதலாகத் தொடும் இடத்தில் இரு வளைவரைகளுக்கும் தொடுகோடு ஒன்றே. ஆகவே இரண்டின் கிரேடியன்ட் வெக்டர்களும் (சார்பு மிக வேகமாகக் கூடும் திசையைக் காட்டுபவை) ஒரே கோட்டில் அமைகின்றன, ஒன்று மற்றொன்றின் மடங்காகிறது. அந்த மடங்குதான் லாம்டா. இதைப் பார்த்த பிறகு பெட்டிக் கணக்குக்குத் திரும்பினால், துணைச் சார்பு மந்திரமாகத் தெரிவதில்லை. இந்த முறை பெருமத்தையும் சிறுமத்தையும் பிரித்துச் சொல்லாது என்பதையும் அந்த விரிவுரை எச்சரிக்கிறது. நம் விடைத்தாளில் விடுபட்டுப்போவது அதுவே.

18.02இன் குறை வேறு வகையானது. விட்டுவிட்டால் கேட்க ஆள் இல்லை, கெடு இல்லை, சான்றிதழ் இல்லை. வெக்டர்களில் தொடங்கும் அதன் வரிசை நம் பருவத்தேர்வின் வரிசையோடு பொருந்துவதும் இல்லை. உற்சாகமாகத் தொடங்கி ஐந்தாறு விரிவுரைகளோடு நின்றுபோனவர்களில் நானும் ஒருவன். மறுபடி முதலிலிருந்து பார்க்க ஓராண்டு ஆனது.

என்பிடெல் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஐஐடி ரூர்க்கி வழங்கிய 'மல்டிவேரியபிள் கால்குலஸ்' போன்ற பாடங்களில் பதிவு இலவசம். வாரந்தோறும் பயிற்சி உண்டு, கெடு உண்டு. 1,000 ரூபாய் கட்டினால் தேர்வு மையத்தில் கண்காணிப்போடு தேர்வெழுதிச் சான்றிதழ் பெறலாம். மதிப்பெண்ணில் பயிற்சிகளுக்கு 25 விழுக்காடு, தேர்வுக்கு 75. என்பிடெல் பாடங்கள் இடம்பெறும் ஸ்வயம் என்ற மத்திய அரசுத் தளத்தின் பாடங்களைப் பட்டப்படிப்பின் கிரெடிட்டாக ஏற்கக் கல்லூரிகளுக்கு விதிகள் இடம் தருவதால், உங்கள் கல்லூரி ஏற்கிறதா என்று கேட்டுக்கொள்வது பயன் தரும். ஆனால் வாரப் பயிற்சிகள் பெரும்பாலும் சரியான விடையைத் தெரிவு செய்யும் வகை. பெட்டிக் கணக்கு அங்கே '48' என்ற ஒற்றை எண்ணாகச் சுருங்கிவிடும். 46 என்று வந்தால் எந்தப் படியில் வழுக்கினோம் என்று கணினி சொல்லாது. பயிற்சி விடைகள் டெலிகிராமில் உலவுவதால் அந்த 25 விழுக்காட்டுக்குப் பெரிய மதிப்பு தர எனக்கு மனமில்லை.

யார் எதை எடுக்கலாம்? பருவத்தேர்வு எழுதும் முதலாண்டு மாணவருக்குக் கல்லூரி வகுப்பே முதன்மை. மூன்றாவது யூனிட் தொடங்கும் முன்பு 18.02இன் 8 முதல் 13 வரையிலான விரிவுரைகளையும், ஐந்தாவது யூனிட்டுக்கு முன்பு 16 முதல் 18 வரையிலானவற்றையும் பார்த்துவிட்டு வகுப்பில் உட்கார்ந்தால் போதும். பட்டம் முடித்தவர்கள், மறந்ததை மீட்டுக்கொள்ள ஒரு கெடு தேவைப்படுபவர்கள் ஆகியோருக்கு என்பிடெல் ஏற்றது. முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான கேட் தேர்வின் கணினி அறிவியல் பாடத்திட்டத்தில் பலமாறி நுண்கணிதம் இல்லை என்பதால் அத்துறையினர் சிலர் இதைத் தள்ளிவைக்கிறார்கள். இயந்திரக் கற்றலுக்குள் நுழைந்த முதல் வாரத்திலேயே கிரேடியன்ட் எதிரே வந்து நிற்கும் என்பதை அவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

மின்னியல், மின்னணுவியல் மாணவர்களின் நிலை சற்றுக் கடினம், ஏனெனில் முதல் பருவத்தாள் விட்டுச்செல்லும் வெக்டர் பகுதியை மின்காந்தப் புலங்கள் பாடம் தன் முதல் யூனிட்டிலேயே சுருக்கமாக முடித்துவிடுகிறது. அவர்கள் அந்தப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய விடுமுறையில் 18.02இன் 19 முதல் 33 வரையிலான விரிவுரைகளை, நாளுக்கு ஒன்று என்ற கணக்கில், தாளும் பேனாவுமாக உட்கார்ந்து பார்த்துவிடலாம். கிரீன் தேற்றத்தில் ஏறி, ஸ்டோக்ஸ் வழியாக, மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் கொண்டுபோய் விடும் பகுதி அது.