‘வேண்டாம்’ என்று சொன்னால் எது நிற்கிறது? இணைய நிறுவனங்களின் விளம்பரக் கண்காணிப்பு: ஓர் ஒப்பீடு

ஒரு தேடுபொறியோ செய்தித்தளமோ நம்மைப் பின்தொடர்வது பிடிக்கவில்லை என்றால், அதை விட்டு வேறொன்றுக்குப் போய்விடலாம். வீட்டுக்கு இணைய இணைப்புத் தரும் நிறுவனத்தை அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது. எந்தத் தளத்துக்குப் போனாலும் அதன் கம்பி வழியாகத்தான் போகிறோம். அதற்கு மாதந்தோறும் கட்டணமும் செலுத்துகிறோம். அந்த இடத்தில் இருந்துகொண்டு, வாடிக்கையாளர் பார்ப்பதையெல்லாம் கவனித்து விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் முயற்சி பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல வடிவங்களில் நடந்திருக்கிறது. அவற்றை ஒப்பிட நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே: வாடிக்கையாளர் ‘வேண்டாம்’ என்று சொன்னபின் உண்மையில் எது நின்றது?

முதலில் பிரிட்டனின் பெரிய தொலைத்தொடர்பு, இணைய நிறுவனமான பிடியும் (BT) ஃபார்ம் என்ற விளம்பரத் தொழில்நுட்ப நிறுவனமும் சேர்ந்து செய்தது. 2006-இல் சுமார் 18,000 வாடிக்கையாளர்களின் இணையப் போக்குவரத்தை வைத்து ஒரு சோதனை நடத்தப்பட்டது. 2007-இல் இன்னொன்று நடந்தது. இரண்டிலும் சம்பந்தப்பட்டவர்களுக்கு எதுவும் தெரிவிக்கப்படவில்லை. கேட்கப்படாதவர் மறுக்கவும் வழியில்லை என்பதால், நமது அளவுகோலில் இவை கடைசி இடத்துக்குக்கூடத் தகுதி பெறவில்லை. 2008-இல் விவரம் வெளியானபின் ‘வெப்வைஸ்’ என்ற பெயரில் வெளிப்படையாகத் தொடங்கிய வடிவம்தான் கூர்ந்து பார்க்க வேண்டியது. ஐபி முகவரியை (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) சேமிப்பதில்லை, ஓர் எண்ணையும் அதற்குரிய விளம்பர வகைகளையும் மட்டுமே வைத்துக்கொள்கிறோம் என்று ஃபார்ம் கூறியது. அதை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் சிக்கல் தீர்வதில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் கிளேட்டன் அந்த அமைப்பை ஆராய்ந்து 2008 ஏப்ரலில் விளக்கினார்: பயனர் ஒரு தளத்தைக் கேட்கும்போது அந்தக் கோரிக்கை மூன்று முறை திசைதிருப்பப்பட்டு, அவர் போக நினைத்த தளமே வைத்ததுபோன்ற தோற்றத்தில் ஒரு குக்கி (பயனரை மீண்டும் அடையாளம் காண உதவும் சிறு பதிவு) அவருடைய பிரௌசரில் வைக்கப்பட்டது. அதாவது, இந்த ஏற்பாட்டில் எந்தப் பங்கும் இல்லாத தளத்தின் பெயரும் பயன்படுத்தப்பட்டது.

விலகிக்கொள்ளும் வசதி வெப்வைஸில் இருந்தது. ஆனால் அந்த விருப்பமும் ஒரு குக்கியாகவே பதிவானது. குக்கிகளை அழித்தால் அதுவும் அழிந்துவிடும். தன் அந்தரங்கத்தில் அக்கறையுள்ளவர்தான் அடிக்கடி குக்கிகளை அழிப்பவர் என்பதை நினைத்தால், இந்த வடிவமைப்பு யாரைப் பாதித்திருக்கும் என்பது விளங்கும். விலகியவருடைய போக்குவரத்தும், கோரிக்கைகளைத் திசைதிருப்பிய அதே சாதனத்தின் வழியாகவே சென்றது. நின்றது, அதைக் கொண்டு விளம்பரம் தேர்ந்தெடுப்பது மட்டுமே. 2009 ஏப்ரலில் அமேசானும் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவும் தங்கள் தளங்களை இதிலிருந்து விலக்கிக்கொண்டன. அதே ஆண்டு ஜூலையில் பிடி திட்டத்தைக் கைவிட்டது. ரகசியச் சோதனைகளுக்காக வழக்குத் தொடர வேண்டியதில்லை என்று அரசு வழக்குத்துறை 2011-இல் முடிவு செய்தது. ஆனால் ஐரோப்பிய ஆணையம் பிரிட்டன் அரசின்மீதே நடவடிக்கை எடுத்தது. ‘ஒப்புதல் இருப்பதாக நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தது’ என்று சொல்லித் தப்பிக்க இடமளித்த சட்டப் பிரிவு அதன் விளைவாக நீக்கப்பட்டது. இந்த விவகாரத்தில் கிடைத்த உருப்படியான பலன் அதுவே என்பேன்.

அமெரிக்காவில் அதே காலத்தில் நெபுஆட் என்ற நிறுவனம் சிறிய, நடுத்தர இணைய நிறுவனங்களோடு சேர்ந்து ஏறத்தாழ இதே வேலையைச் செய்தது. வேறுபாடு, அறிவிப்பு என்ற ஒன்று இருந்ததுதான். கன்சாஸ் மாநிலத்தின் கார்ட்னர் நகரில் எம்பார்க் நிறுவனம் நடத்திய சோதனையில், அந்த அறிவிப்பு நிறுவனத்தின் இணையதளத்திலிருந்த தனியுரிமைக் கொள்கையில் சேர்க்கப்பட்ட ஒரு பத்தியாக இருந்தது. சுமார் 26,000 வாடிக்கையாளர்களில் விலகியவர்கள் 15 பேர். ‘மக்கள் ஆட்சேபிக்கவில்லை’ என்பதற்கு இந்த எண்ணை யாராவது சான்றாகக் காட்டினால் நான் கடுமையாக மறுப்பேன். 26,000 பேரில் எத்தனை பேர் அந்தப் பத்தியைப் படித்திருப்பார்கள் என்பதைத்தான் அது காட்டுகிறது. நெபுஆடைப் பயன்படுத்தத் திட்டமிட்ட சார்ட்டர் என்ற இன்னோர் இணைய நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு நேரடியாகக் கடிதம் அனுப்பியது. செய்தி உண்மையிலேயே மக்களைச் சென்றடைந்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி எழுப்பினர். 2008 ஜூனில் திட்டம் கைவிடப்பட்டது. ஒரே தொழில்நுட்பம், இரண்டு வகை அறிவிப்பு, நேர்மாறான இரண்டு முடிவுகள்.

அமெரிக்கக் கைபேசி நிறுவனமான வெரைசன் கையாண்ட முறை இவற்றைவிட நுட்பமானது. இவற்றுள் மிக மோசமானதும் அதுவே என்பது என் கருத்து. 2012 இறுதியிலிருந்து, கைபேசி வாடிக்கையாளர்கள் மறையாக்கம் (தகவலை இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றுவது) இல்லாத தளங்களுக்கு அனுப்பிய ஒவ்வொரு கோரிக்கையிலும், அவரவருக்கென ஒதுக்கிய அடையாளக் குறியீடு ஒன்றை நிறுவனமே வழியில் செருகியது. அது பயனரின் கருவியில் இல்லாததால் அவரால் அழிக்க முடியாது. விளம்பரத் திட்டத்திலிருந்து விலகியவர்களின் கோரிக்கைகளிலும் குறியீடு தொடர்ந்து சேர்ந்துகொண்டுதான் இருந்தது. போகும் ஒவ்வொரு தளமும் அதைப் படிக்க முடிந்தது. டர்ன் என்ற விளம்பர நிறுவனம், பயனர் அழித்துவிட்ட குக்கிகளை இந்தக் குறியீட்டைக் கொண்டு மீண்டும் உருவாக்கியது 2015 ஜனவரியில் வெளிப்பட்டது. ஃபார்மின் தீங்கு அதன் கூட்டாளிகளோடு நின்றது. வெரைசனின் குறியீடோ யாரென்றே தெரியாதவர்களுக்கும் பயன்பட்டது. குறியீட்டையே நிறுத்தும் வசதி 2015-இல்தான் வந்தது. 2016 மார்ச்சில் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியிடம் 13.5 லட்சம் டாலர் அபராதம் கட்டவும், பிற நிறுவனங்களுக்குக் குறியீட்டை அனுப்புமுன் வாடிக்கையாளரின் சம்மதம் பெறவும் வெரைசன் ஒப்புக்கொண்டது.

இன்னோர் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி அண்ட் டி மறைக்கவில்லை, விலை வைத்தது. 2013 டிசம்பரில் ஆஸ்டின் நகரில் தொடங்கிய அதிவேக இணைப்புக்கு மாதக் கட்டணம் 70 டாலர். உலாவலை விளம்பரத்துக்காகக் கவனிக்க விடாதவர்களுக்கு 99 டாலர். வெளிப்படைத்தன்மை என்ற ஒன்றை மட்டும் பார்த்தால், மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது மேல். ஆனால் மாதம் 29 டாலர் யாருக்குப் பெரிய தொகையோ அவர்கள்தான் கண்காணிப்பின்கீழ் இருக்க நேரும். 2016-இல் நிறுவனம் இந்தக் கட்டண வேறுபாட்டைக் கைவிட்டது.

முன்கூட்டியே கேட்டுப் பெறும் சம்மதத்தைப் பொதுவிதியாக்க எஃப்சிசி 2016 அக்டோபரில் 3-க்கு 2 என்ற வாக்கில் முடிவெடுத்தது. உலாவல் வரலாற்றைப் பயன்படுத்த வாடிக்கையாளரின் தெளிவான ஒப்புதல் வேண்டும் என்றது அந்த விதி. அமெரிக்க நாடாளுமன்றம் 2017 மார்ச்சில் அதை ரத்து செய்தது: மேலவையில் 50-48, கீழவையில் 215-205. விதி முழுமையாக நடைமுறைக்கு வரவே இல்லை.

நாமே காத்துக்கொள்ளலாமே என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். தளங்களோடு நடக்கும் தொடர்பை மறையாக்கம் செய்யும் எச்டிடிபிஎஸ் முறை பரவியதால் வெரைசன் செய்ததுபோல் வழியில் எதையும் செருக முடிவதில்லை. ஒரு தளத்துக்குள் எந்தப் பக்கத்தைப் படிக்கிறோம் என்பதும் மறைகிறது. ஆனால் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது பெரும்பாலும் இன்னும் தெரியும். ஒரு மருத்துவத் தளத்தின் பெயர் மட்டுமே போதும், ஒருவரைப் பற்றி ஊகிக்க. டிஎன்எஸ் கேள்விகளை (தளத்தின் பெயரைக் கொண்டு அதன் முகவரியைத் தேடுபவை) மறையாக்கம் செய்வது அந்த இடைவெளியைக் குறைக்கும், முழுதும் அடைக்காது. போக்குவரத்தை மறையாக்கம் செய்து வேறொரு நிறுவனத்தின் வழியாக அனுப்பும் விபிஎன் வைத்தால் இணைய நிறுவனத்தின் கண்ணிலிருந்து தப்பலாம். ஆனால் அதே பார்வை விபிஎன் நிறுவனத்துக்குப் போய்விடுகிறது. தொழில்நுட்பம் தெரிந்தவர்களுக்கு இவை உதவும். 26,000 பேர் கொண்ட ஓர் ஊருக்கு இவற்றைத் தீர்வாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் அளவுகோலில் முதலிடம் பெறுவது அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2019-இல் இயற்றி, 2020 ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டம். வாடிக்கையாளர் வெளிப்படையாகச் சம்மதிக்காதவரை அவருடைய உலாவல் தகவலை இணைய நிறுவனம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தவோ விற்கவோ முடியாது. அதோடு, சம்மதிக்காதவருக்குச் சேவையை மறுக்கவோ கூடுதல் கட்டணம் விதிக்கவோ கூடாது. சம்மதித்தவருக்குத் தள்ளுபடி தருவதும் கூடாது. ஆஸ்டினில் இருந்த விலைப்பட்டியலுக்கு அங்கே இடமில்லை. இணைய நிறுவனங்களின் சங்கங்கள் தங்கள் பேச்சுரிமை பறிபோகிறது என்று வாதிட்டு வழக்குத் தொடுத்தன. விசாரணைக்கு முன்பே தங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்புத் தரும்படி கேட்டதை நீதிமன்றம் 2020 ஜூலையில் மறுத்தது. 2022-இல் சங்கங்களே வழக்கைக் கைவிட்டன.