3 வயது கிடா என்று சொல்லிக் குட்டிகளைக் கொடுத்து 2,400 டாலர் வாங்கிவிட்டார்கள்

சுமை தூக்கும் ஆடு வாங்கும் எண்ணத்தில் யாராவது இருந்தால், பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். என் 2,400 டாலர் போய்விட்டது. "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது" என்று நேற்று இரவுதான் கடைசிப் பதில் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவின் ஐடஹோவில், பாய்சி பக்கம். மலைக்குள் பல நாள் நடப்பவர்களில் சிலர் இங்கே கூடாரத்தையும் சாப்பாட்டையும் வெள்ளாட்டின் முதுகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். பாறைச் சரிவில் ஆடு அநாயாசமாக ஏறும், வழியில் தழையை மேய்ந்துகொள்ளும், பழகிவிட்டால் கயிறு பிடிக்காமலே பின்னால் வரும். பெரும்பாலும் காயடித்த கிடாக்கள். எனக்கு முதுகுவலி, பிள்ளைகள் இரண்டு பேரும் சின்னவர்கள். ஜூலைக் கடைசியில் சாடூத் மலையில் ஒரு வாரம் குடும்பத்தோடு நடக்கலாம் என்று மூன்று கிடாக்கள் தேடினேன்.

அக்கம்பக்கத்தார் பழைய சோபா, சைக்கிள் விற்கும் செயலி ஒன்றில் விளம்பரம் கிடைத்தது. "3 வயது, முழுப் பயிற்சி பெற்றவை, ஒவ்வொன்றும் 20 கிலோ தூக்கும், நோய்ப் பரிசோதனை முடிந்தது." ஆடு ஒன்று 800 டாலர். விற்றவர் வீடியோ அழைப்பில் வந்தார். சேணம் பூட்டிய பெரிய ஆடு ஒன்று ஓடையைத் தாண்டுவதைக் காட்டினார். புட்டிப்பால் கொடுத்துத் தன் மகள் வளர்த்தவை என்றார். "உங்கள் பிள்ளைகள் பெயர் என்ன? முதல் நாளே இவை அவர்கள் பின்னால் ஓடும் பாருங்கள்" என்று சொன்னார். பிள்ளைகளைப் பற்றி அப்படி அக்கறையாகக் கேட்கும் ஆளை யார் சந்தேகப்படுவார்கள்? முன்பணமாகப் பாதியை அப்போதே அனுப்பினேன்.

நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கில், இருட்டும் நேரத்தில் ஆடுகளை இறக்கினார். முதுகில் சேணம், இரு பக்கமும் பை. "சின்னதாகத் தெரிகிறதே?" என்று கேட்டேன். "ஓபர்ஹாஸ்லி இனக் கலப்பு, உடம்பு அப்படித்தான் இருக்கும்." கொம்பைக் குட்டியிலேயே சுட்டு எடுத்திருந்ததால் அதை வைத்தும் வயது தெரியவில்லை. வாயைத் திறந்து பார்க்கப் போனேன், கையைப் பிடித்துத் தடுத்தார். "புது ஆள் வாயைத் தொட்டால் மிரண்டுவிடும், ரெண்டு நாள் பழகட்டும்." மீதிப் பணத்தையும் அங்கேயே அனுப்பச் சொன்னார். மொத்தம் 2,400. பரிசோதனைத் தாள்கள் மின்னஞ்சலில் வரும் என்றார். இன்றுவரை வரவில்லை.

மறுநாள் ஊரில் இருக்கும் அப்பாவிடம் வீடியோவில் காட்டினேன். பார்த்ததுமே, "இது இன்னும் பல்லே போடலையேப்பா" என்றார். கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். மூன்றுக்கும் கீழ்த்தாடை முன்வரிசையில் எட்டும் பால் பற்கள். ஒரு வயதை ஒட்டித்தான் நடு ஜோடி விழுந்து பெரிய பல் வரும், அப்புறம் வருடத்துக்கு ஒரு ஜோடியாக மாறும். மூன்று வயது என்றால் ஆறு பெரிய பல் இருக்க வேண்டும். எடை 40 கிலோ சுமார்தான். நன்றாக வளர்ந்த கிடாவே தன் எடையில் கால் பங்குக்கு மேல் தூக்கக்கூடாது, அதிலும் சேணத்தின் எடை அடக்கம். எலும்பு முற்றாத இந்தக் குட்டிகள் மேல் 20 கிலோவை ஏற்றியிருந்தால் மூட்டும் முதுகும் என்னவாகியிருக்கும்? அந்த ஆளுக்கு இது தெரியாமல் இருக்காது. கூடவே ஒரு மூட்டை தானியத் தீவனமும் கொடுத்து, தினமும் போடச் சொல்லியிருந்தார். அதிகத் தானியம் காயடித்த கிடாவுக்குச் சிறுநீர்க் கல் வரவைக்கும், உயிரே போகும் என்று மருத்துவர் உடனே நிறுத்தச் சொன்னார். பணத்தைவிட எனக்கு ஆறாதது இதுதான்.

விற்றவரிடம் கேட்டேன். "இடம் மாறினால் ஆடு இளைக்கும்" என்றார். பல் இளைக்குமா என்று கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார். செயலிக்காரர்களுக்கு எழுதினால், உயிருள்ள விலங்குக்கு அவர்களிடம் பாதுகாப்பு கிடையாதாம். அப்படியானால் விளம்பரத்தை ஏன் விட்டுவைத்தீர்கள் என்று கேட்டதற்கு அதே பதிலை மறுபடி ஒட்டி அனுப்பினார்கள். பணம் அனுப்பிய செயலியில், "நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பியது" என்று கைவிரித்தார்கள். காவல் துறையில் சிவில் வழக்கு போடுங்கள் என்றார்கள். 2,400 டாலருக்கு மூன்று கதவு தட்டியாயிற்று, ஒருவர்கூட அந்த ஆளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. பகலில், அவர்கள் தொழுவத்திலேயே போய்ப் பாருங்கள். பல் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள். சிஏஇ, சிஎல், ஜோன்ஸ் என்ற ஆட்டுத் தொற்றுநோய்களுக்கான பரிசோதனைத் தாள் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள். குட்டியாகவே வாங்கினால் முதல் வருடம் சும்மா கூட நடத்துங்கள், ஓடை தாண்டப் பழக்குங்கள், பிறகு வெறும் சேணம், அதன்பின் சிறு எடை. முழுச் சுமை மூன்று, நான்கு வயதுக்குப் பிறகுதான். காட்டுச் செம்மறி இருக்கும் சில வனப்பகுதிகளில், ஆட்டிடமிருந்து அதற்கு நிமோனியா பரவும் என்று ஆட்டைக் கொண்டுபோகவே தடை உண்டு. வயோமிங் மாநிலத்தின் ஷோஷோனி வனத்தில் காட்டுச் செம்மறி வாழும் பகுதிகளில் அப்படித் தடை இருக்கிறது. போகுமிடத்தின் வன அலுவலகத்தைக் கேட்டுவிடுங்கள்.

ஜூலைப் பயணத்தை ரத்து செய்தாயிற்று. அந்த விளம்பரம் இன்னும் அதே செயலியில், அதே ஓடைப் படத்தோடு இருக்கிறது. ஆடு ஒன்று இப்போது 850 டாலர். தெற்கு ஐடஹோவில் யாராவது முன்பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள்.