41 வயதில் முதல் குழந்தை: என்.டி. ஸ்கேனுக்கு இங்கே தைரியமாகப் போகலாம்

எனக்கு 41 வயது, இது முதல் குழந்தை. என்.டி. ஸ்கேன், அதாவது குழந்தையின் பின்கழுத்து நீரை அளந்து பார்க்கும் ஸ்கேன் எடுக்க, என் மகப்பேறு டாக்டர்தான் இந்த ஸ்கேன் சென்டருக்கு எழுதிக் கொடுத்தார். நான்கு நட்சத்திரம் தருகிறேன், நான்கும் ஸ்கேன் பார்த்த டாக்டருக்கே.

இந்த வயதில் கர்ப்பம் என்றால் ஆளாளுக்கு ஒன்று சொல்லிப் பயமுறுத்துகிறார்கள், இல்லையென்றால் "ஒண்ணும் ஆகாது, சாமி பார்த்துக்கும்" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். இவர் இரண்டும் செய்யவில்லை. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் பிறவிக் குறைபாடு) வருவதற்கான வாய்ப்பு 25 வயதில் சுமார் 1,200-க்கு ஒன்று, 40 வயதில் 100-க்கு ஒன்று என்று சொல்லிவிட்டு, ரிப்போர்ட் கவரின் பின்பக்கம் வரிசைக்குப் பத்தாக நூறு புள்ளி வைத்து, ஒன்றை மட்டும் வட்டமிட்டார். "மிச்சத்தையும் பாருங்கம்மா" என்றார். அதுவரை அந்த ஒன்று மட்டும்தான் என் காதில் விழுந்திருந்தது.

வயது வெறும் தொடக்கக் கணக்குதானாம். குழந்தையின் பின்கழுத்தில் இருக்கும் நீரின் அளவு, மூக்கெலும்பு, டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்ந்த பிறகு அது கூடலாம், குறையலாம். என்.ஐ.பி.டி.யில் (தாயின் ரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் பரிசோதனை) பாசிட்டிவ் வந்தால்கூட, பனிக்குட நீர் எடுத்துப் பார்த்து உறுதி செய்யாமல் எந்த முடிவுக்கும் போகக்கூடாது என்பதை இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். கர்ப்பப்பை ரத்தக்குழாயில் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று டாப்ளர் ஸ்கேனும் பார்த்தார், ஏனென்றால் 40-க்கு மேல் பிரஷர் ஏறும் அபாயம் அதிகம், தேவைப்பட்டால் குறைந்த அளவு ஆஸ்பிரினை முன்கூட்டியே ஆரம்பிக்கலாம்.

என் மனதில் நின்றது வேறொன்று. ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) கர்ப்பம் என்றால் கருமுட்டை யாருடையது என்று கேட்டாக வேண்டும், தானமாக வாங்கியிருந்தால் கொடுத்தவரின் வயதை வைத்துத்தான் கணக்கு வரும். அதைக் கேட்பதற்கு முன் என் மாமியாரை மரியாதையாக வெளியே உட்காரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். இந்த ஊரில் அந்த ஒரு பதில் வெளியே கசிந்தால் ஒரு பெண் என்ன பாடுபடுவாள் என்று தெரிந்தவர்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது ரிசப்ஷனுக்காக. ஹால் நிறைய ஆட்கள் இருக்கும்போது "எல்டர்லி பிரைமி யாரு, 41 வயசு?" என்று, அதாவது வயது கூடி முதல் குழந்தை சுமப்பவர் யார் என்று, கத்திக் கூப்பிட்டார்கள். அத்தனை தலையும் திரும்பியது. டோக்கன் நம்பர் கையில் இருக்கிறதே, அதைச் சொல்லிக் கூப்பிடலாம். தயவுசெய்து மாற்றுங்கள்.

இந்த ஸ்கேனை 11 வாரத்துக்குப் பிறகு, 14 வாரம் தொடங்குவதற்குள் எடுத்தாக வேண்டும், இங்கே கூட்டமும் அதிகம். அதனால் கர்ப்பம் உறுதியானதுமே தேதி வாங்கிவிடுங்கள், முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை மறக்காமல் கொண்டு போங்கள்.